பக்கவாதத்தை ரத்தத்திலேயே கண்டுபிடிக்கும் ‘எக்ஸோசோம்’ டெஸ்ட்: நிஜமா, பேக்கேஜா?

கரிசல்காட்டான் | செவ்வாய், இரவு 9:40

மக்களே, ஒரு சந்தேகம். போன ஆடியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் காபி டம்ளரைப் பிடிக்கும்போது இடது கை நழுவியது. வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்தோம். பக்கத்து கிளினிக்கில் பிபி பார்த்தார்கள். சிடி ஸ்கேன் இருக்கிற ஊருக்குப் போய்ச் சேர ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் தாண்டிவிட்டது என்றார்கள். இப்போது கோல் ஊன்றி வாசல் வரை நடக்கிறார்.

விஷயம் என்னவென்றால், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்களாம். ‘எக்ஸோசோம் பயோமார்க்கர்’ பார்த்து பக்கவாதம் வந்ததா, இனி வருமா, எந்த வகை, எல்லாம் சொல்வார்களாம். பதினோராயிரம் ரூபாய் சொச்சம். தங்கை எடுத்துவிடலாம் என்கிறாள். உடான்ஸ் என்று ஒதுக்கத்தான் நினைத்தேன். தேடிப் பார்த்தால் நிஜமாகவே ஆராய்ச்சிக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்குமிழி | செவ்வாய், இரவு 11:15

நான் நாள் முழுக்கக் குப்பை கொட்டுவதே இந்தக் குமிழிகளோடுதான், வாயை அடக்க முடியவில்லை. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள் அண்ணா.

நம் உடம்பில் அநேகமாக எல்லாச் செல்லும் தன் சவ்வைக் கிள்ளிக் கிள்ளிப் பொடிக் குமிழிகளாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். எக்ஸ்ட்ராசெல்லுலார் வெசிக்கிள் என்பார்கள், லேபில் ஈவி. தமிழில் செல்வெளி நுண்பை என்று எழுதலாம். செல்லுக்குள் ஒரு பைக்குள்ளேயே உருவாகி வெளியே வருவது எக்ஸோசோம், 30 முதல் 150 நானோமீட்டர். மேல்சவ்வே மொக்குவிட்டுக் கழன்று விழுவது மைக்ரோவெசிக்கிள், 100 முதல் 1000 வரை. ரத்தத்திலிருந்து பிரித்து எடுத்த பிறகு எது எந்த வழியில் பிறந்தது என்று சொல்வது ரொம்பக் கஷ்டம். அதனால்தான் இந்தத் துறையின் சர்வதேசச் சங்கம் 2018 வழிகாட்டியிலேயே, பிறந்த வழியை நிரூபிக்காமல் எக்ஸோசோம் என்று எழுதாதீர்கள், பொதுவாக ஈவி என்றே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டது. உங்கள் விளம்பரக்காரர் அடித்து எக்ஸோசோம் என்கிறார் பாருங்கள், அங்கேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கதை பழசு. 1967இல் பீட்டர் உல்ஃப் என்பவர் ரத்தத் தட்டணுக்களிலிருந்து உதிரும் துகள்களைப் பார்த்து ‘தட்டணுத் தூசி’ என்று பெயர் வைத்தார். 1983இல் இரண்டு குழுக்கள், ஒன்று மொன்ட்ரியாலில் ரோஸ் ஜான்ஸ்டன், இன்னொன்று செயின்ட் லூயிஸில் பிலிப் ஸ்டால், முதிராத சிவப்பணு வேண்டாத புரதத்தைக் குமிழியில் கட்டி வெளியே எறிவதைக் கண்டார்கள். ஜான்ஸ்டன் குழு வைத்திருந்தது செம்மறியாட்டு ரத்தம். ரொம்ப நாளைக்கு இதைச் செல்லின் குப்பைக்கூடை என்றுதான் நினைத்தார்கள். 2007இல் ஸ்வீடனில் லோட்வால் குழு உள்ளே ஆர்என்ஏ இருப்பதையும், அது இன்னொரு செல்லுக்குப் போய் வேலை செய்வதையும் காட்டியது. அப்புறம்தான் கூட்டம் கூடியது.

பக்கவாதக்காரர்களுக்கு ஏன் ஆசை? மாரடைப்புக்கு ட்ரோபோனின் என்கிற புரதம் இருக்கிறது. ரத்தம் எடுத்தால் கொஞ்ச நேரத்தில் பதில். மூளைக்கு அப்படி ஒன்று இல்லை. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது, அடிபட்ட செல்லின் சரக்கு லேசில் வெளியே வராது. குமிழிகள் அந்தத் தடுப்பைத் தாண்டுகின்றன. உள்ளே இருக்கும் மைக்ரோஆர்என்ஏ என்கிற குட்டி ஆர்என்ஏ துண்டுகளை ரத்தத்தின் நொதிகள் சிதைக்காமல் சவ்வு காக்கிறது. இன்லேண்ட் லெட்டர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், ஒட்டியது ஒட்டியபடி வருகிறது.

சிக்கல் எங்கே என்றால், அந்த லெட்டரில் அனுப்புநர் முகவரி இருக்காது. பிளாஸ்மாவில் மிதக்கும் ஈவிகளில் பெரும்பங்கு தட்டணு, சிவப்பணு, வெள்ளையணு போட்டவை. மூளை போட்டது கைப்பிடி உப்பில் ஒரு சர்க்கரைக்கல்.

இரவுப்பணி | புதன், அதிகாலை 3:20

அவசரப் பிரிவு டூட்டியில் இருந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

அம்மிணி சொன்னது எல்லாம் சரி. ஆனால் வாசலில் நிற்கிற எனக்கு என்ன வேண்டும்? ஆள் வந்ததும் எனக்கு இரண்டே கேள்வி: மூளையின் ரத்தக்குழாயில் அடைப்பா, கசிவா? எப்போது தொடங்கியது? அடைப்பு என்றால் 4.5 மணி நேரத்துக்குள் கரைக்கும் ஊசி. 1995இல் வந்த ஆய்வு 3 மணி நேரம் வரை என்றது, 2008 ஆய்வு அதை 4.5 ஆக்கியது. பெரிய குழாயில் அடைப்பு என்றால் கம்பி விட்டுக் கட்டியை எடுப்பது. தேர்ந்தெடுத்த சிலருக்கு அதை இன்னும் தாமதமாகவும் செய்யலாம் என்று 2018இல் வந்த இரண்டு ஆய்வுகள் காட்டின, ஒன்று 16 மணி நேரம் வரை, இன்னொன்று 24 மணி நேரம் வரை. கசிவாக இருந்து, தெரியாமல் அந்த ஊசியைப் போட்டால் ஆளைக் கொன்றுவிடுவோம். பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்: வாய் கோணல், கை தொங்கல், பேச்சுக் குழறல்.

அதைப் பிரிக்க சிடி ஸ்கேன் போதும். படுக்க வைத்துப் படம் எடுக்கச் சில நிமிடம். பெரிய குழாய் அடைப்பில் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்புச் செல் போகிறது என்று 2006இல் ஒரு கணக்குப் போட்டார்கள். அந்த நேரத்தில் நான் எந்த லேப் ரிசல்ட்டுக்கும் காத்திருக்க மாட்டேன். ஊசிக்கு முன்னால் எல்லாருக்கும் கட்டாயம் பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனை ஒன்றே ஒன்று, சர்க்கரை. விரல் நுனியில் குத்திப் பார்ப்பது. சர்க்கரை இறங்கினாலும் ஒரு பக்கம் தொங்கும், குளுக்கோஸ் ஏற்றினால் எழுந்து உட்கார்ந்து டீ கேட்பார்.

குமிழியைப் பிரித்து ரிசல்ட் வர எவ்வளவு நேரம் ஆகும்? சும்மா கேட்கிறேன்.

நுண்குமிழி | புதன், காலை 7:05

சும்மா கேட்கவில்லை, குத்திக் கேட்கிறீர்கள் டாக்டர். உள்ளதைச் சொல்கிறேன்.

பழைய முறையில் அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ், குழாய்களைப் படுவேகமாகச் சுற்றும் இயந்திரம். முதலில் மெதுவாகச் சுற்றிச் செல்களையும் தட்டணுக்களையும் இறக்க வேண்டும். அப்புறம் புவியீர்ப்பைப் போல் 1,00,000 மடங்கு விசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல். கழுவி இன்னொரு தரம் அதே சுற்று. எதிரெதிர்க் குழாய்கள் எடையில் ஒத்துப்போகவில்லை என்றால் இயந்திரமே ஆடிவிடும், அதனால் துளித்துளியாய் விட்டுத் தராசில் நிறுத்தி ஏற்றுவோம். கடைசியில் அடியில் படிவது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. அதனால் சுற்றுவதற்கு முன்பே எந்தப் பக்கம் படியும் என்று கணித்துக் குழாயின் வெளிப்புறம் மார்க்கரில் ஒரு புள்ளி வைப்போம். பிறகு அந்தப் புள்ளியை நம்பி உறிஞ்சுகுழாயை மறுபக்கமாக இறக்குவோம். புள்ளி வைக்க மறந்த நாள் அழுதுவிடலாம். இது முடிந்து மைக்ரோஆர்என்ஏ பிரித்து பிசிஆர் போட்டு எடுக்க மொத்தத்தில் ஒரு முழு நாள்.

வேகமான வழிகள் இருக்கின்றன. அளவுவாரியாக வடிகட்டும் குழாயில் கால் மணியிலிருந்து அரை மணி. சில்லுகளில் நேரடியாகப் பிடிக்கவும் முயல்கிறார்கள். சிடி63, சிடி81, சிடி9 என்று குமிழியின் மேலிருக்கும் புரதங்களைத் தூண்டில் போட்டுப் பிடிப்பார்கள். (டாக்டரின் சிடி ஸ்கேனுக்கும் இந்த சிடிக்கும் சம்பந்தமில்லை, தமிழில் எழுதும்போது இது ஒரு தொல்லை.) ஆனால் ஆம்புலன்சில் வைக்கிற நிலைக்கு எதுவும் வரவில்லை.

பனையோலை | புதன், காலை 10:30

எங்கட பக்கம் இதைப் பாரிசவாதம் எண்டுதான் சொல்லுறது. நான் மருத்துவ ஆய்வுகூடவியல் படிக்கிறன். நுண்குமிழி அக்கா, ஒரு கேள்வி. மூளை விட்ட குமிழியை மட்டும் தனியாப் பிடிக்க ஏலாதோ? நரம்புச் செல்லுக்கெண்டு ஒரு புரதம் இருக்கு, எல்1கேம், அதை வச்சுப் பிடிக்கலாம் எண்டு ஒரு கட்டுரையில வாசிச்சன்.

நுண்குமிழி | புதன், மதியம் 1:10

நல்ல இடத்தில் கை வைத்தாய் தம்பி. பல வருஷமாக அப்படித்தான் செய்தார்கள். எல்1கேம் தூண்டில் போட்டு இழுத்து, இதோ மூளைக் குமிழி என்று எழுதினார்கள். 2021இல் ஹார்வர்டில் டேவிட் வால்ட் குழு ஒரு எளிய சோதனை செய்தது. பிளாஸ்மாவையும் தண்டுவட நீரையும் அளவுவாரியாகப் பிரித்து, குமிழிகள் எந்தப் பகுதியில் வருகின்றன, எல்1கேம் எந்தப் பகுதியில் வருகிறது என்று தனித்தனியே அளந்தார்கள். குமிழி ஒரு பக்கம், எல்1கேம் இன்னொரு பக்கம். அதாவது எல்1கேம் தனிப்புரதமாகக் கரைந்து மிதக்கிறது. அப்போது இத்தனை நாள் தூண்டிலில் மாட்டியது என்ன?

இதை ஒப்புக்கொள்ளாத குழுக்களும் இருக்கின்றன, வாதம் ஓயவில்லை. எனக்கு வால்ட் பக்கம்தான் மனம் சாய்கிறது. எங்கள் லேபிலேயே அந்தக் கட்டுரை வந்த வாரம் ஒருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை, பாதி ஆய்வேடு அதை நம்பித்தான் இருந்தது.

அனுப்புநர் முகவரி என்று நேற்று சொன்னேனே, அது இதுதான்.

ஊசிக்காரர் | புதன், மாலை 6:45

வணக்கம். நான் டாக்டரும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை. 22 வருஷமா ரத்தம் எடுக்கிறேன். இந்த இழையைப் பார்த்ததும் எனக்கு ஒண்ணுதான் தோணிச்சு: எந்தக் கலர் மூடி டியூப்?

ஊதா மூடின்னா இடிடிஏ. வெளிர்நீலம் சிட்ரேட். பச்சை ஹெப்பாரின். மூணும் ரத்தம் உறையாமத் தடுக்கிற மருந்து. சிவப்பு மூடியில உறைய விட்டு சீரம் எடுப்போம். எங்க லேபுக்கு ஒரு தடவை ஆராய்ச்சிக்குன்னு சாம்பிள் கேட்டாங்க, இந்த மாதிரி குமிழிதான்னு அப்புறம் தெரிஞ்சது. நான் வழக்கம்போல பட்டையை இறுக்கிக் கட்டி, மெல்லிய பட்டாம்பூச்சி ஊசியில எடுத்து, குலுக்கி, ஐஸ்ல போட்டு அனுப்பினேன். எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டாங்க. அங்க இருந்து ஒரு பொண்ணு எனக்குப் போன்ல பாடம் நடத்திச்சு. பட்டை ரொம்ப நேரம் இருக்கக்கூடாது. பெரிய துளை ஊசி வேணும். முதல்ல வர்ற ரத்தத்தை எடுக்கக்கூடாது, தோலைக் குத்தின வேகத்துல உறைதல் அதுல தொடங்கியிருக்கும். குலுக்கக்கூடாது, மெதுவா தலைகீழாத் திருப்பணும். ஐஸ் கூடாது, குளிர்ந்தா தட்டணு முழிச்சுக்கும். முழிச்சா அதுவே ஆயிரக்கணக்குல குமிழி விடும்.

அதாவது நான் அனுப்பினது நோயாளியோட குமிழி இல்லை, டியூப்புக்குள்ள நானே உண்டாக்கின குமிழி. டெங்கு சீசன்ல தட்டணு தட்டணுன்னு ஊரே பேசுது, ஆனா அது இவ்வளவு ரோஷக்காரப் பயன்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து எடுத்து, பைக் பெட்டியில போட்டு, மேடு பள்ளத்துல ஆட்டி, ராத்திரி பஸ்ஸுல பார்சல் ஏத்தி... அதுல குமிழி எண்ணுறாங்களாம்.

நுண்குமிழி | புதன், இரவு 8:20

ஊசிக்காரர் அண்ணா, உங்களை எங்கள் லேபுக்குக் கடத்திக்கொண்டு போக வேண்டும். இதைத்தான் மாணவர்களிடம் தலைபாடாக அடித்துக்கொள்கிறேன்.

இதிலிருந்து ஒரு கட்டுரைக்குப் போகிறேன். சீனாவிலிருந்து 2016இல் வந்தது, இன்றும் எல்லாரும் மேற்கோள் காட்டுவது. பக்கவாதம் வந்த 65 பேர், வராத 66 பேர். மூளையில் அதிகம் இருக்கும் மைக்ரோஆர்என்ஏ-9, மைக்ரோஆர்என்ஏ-124 இரண்டும் நோயாளிகளின் எக்ஸோசோமில் கூடியிருந்தன, மூளையில் சேதம் பெரிதாக இருந்தவர்களுக்கு அளவும் கூடுதல். அழகான முடிவு. ஆனால் எடுத்தது சீரம். சீரம் என்றால் ரத்தத்தை உறைய விட்டு எடுப்பது. உறையும்போது தட்டணு கொட்டுகிற குமிழிதான் அதில் எக்கச்சக்கம்.

இன்னொன்று, ஒப்பிட்டது பக்கவாதம் இல்லாத தன்னார்வலர்களோடு. டாக்டர் வாசலில் அவர்களா வந்து நிற்கிறார்கள்? வலிப்பு வந்து கை தொங்குபவர், ஒற்றைத் தலைவலியில் வாய் குழறுபவர், சர்க்கரை இறங்கியவர், இவர்களிடமிருந்து பிரித்துக் காட்டினால்தானே பரிசோதனை? கட்டுரை எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை, முதல் அடி அப்படித்தான் வைப்பார்கள். அதற்குப் பிறகு வந்த கட்டுரைகளில் ஒவ்வொன்றும் வேறு வேறு மைக்ரோஆர்என்ஏவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அதுதான் எனக்கு உறுத்தல்.

சந்தேகப்பிராணி | புதன், இரவு 10:05

டாக்டர் சிடி ஸ்கேன் சில நிமிடம் என்கிறார். அண்ணன் கதையில் அந்தச் சில நிமிடத்துக்குப் போய்ச் சேர ஆறு மணி நேரம். ரத்தப் பரிசோதனை தேவையே இல்லை என்று பேசுவது ஸ்கேன் பக்கத்தில் இருக்கிறவர்களின் சொகுசு.

இரவுப்பணி | புதன், இரவு 11:50

ஒப்புக்கொள்கிறேன், அடி சரியான இடத்தில் விழுந்தது. ஜெர்மனியில் ஹோம்பர்க்கில் 2008இல் ஸ்கேனையே ஆம்புலன்ஸ் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அந்த விலைக்கு இங்கே தாலுகாவுக்கு ஒன்று விட முடியாது. வண்டிக்கு வேண்டியது விரலில் குத்தி ‘இது கசிவு’ என்று சொல்கிற பட்டை.

அதற்கு இப்போது முன்னால் நிற்பது குமிழி இல்லை, ஒரு சாதாரணப் புரதம். ஜிஎஃப்ஏபி. நரம்புச் செல்லுக்குத் துணையாக இருக்கும் நட்சத்திரச் செல்லின் உட்கூடு அது. கசிவில் செல் உடனே கிழிவதால் ரத்தத்தில் சட்டென்று ஏறும். அடைப்பில் செல் மெதுவாகச் சாவதால் ஏற நேரம் ஆகும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கிற சன்னல். 2012இல் ஜெர்மனியில் பல மருத்துவமனைகளில் 205 பேரிடம் பார்த்தார்கள், 4.5 மணி நேரத்துக்குள். கசிவைக் கண்டுபிடித்தது 84.2 சதவீதம், கசிவு இல்லாதவரைச் சரியாக விலக்கியது 96.3 சதவீதம். தலையில் அடிபட்டவர்களுக்கு இதே புரதத்தைக் கையடக்கக் கருவியில் பார்ப்பதற்கு அமெரிக்காவில் அனுமதியே இருக்கிறது.

சந்தேகப்பிராணி | வியாழன், காலை 6:30

அந்த எண்களை வைத்து ஒரு கணக்கு. பக்கவாதம் வந்த ஆயிரம் பேர், அதில் 150 பேருக்குக் கசிவு, 850 பேருக்கு அடைப்பு என்று வைப்போம். 150இல் 126 பேரைப் பிடிக்கும், 24 பேரை விட்டுவிடும். 850இல் 31 பேரைக் கசிவு என்று தப்பாகச் சொல்லும்.

‘கசிவு இல்லை’ என்று வருபவர்கள் மொத்தம் 843. அவர்களுக்கு வண்டியிலேயே ஊசி போட்டால், அதில் 24 பேருக்கு உண்மையில் மூளையில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். முப்பத்தைந்து பேருக்கு ஒருவர். டாக்டர், போடுவீர்களா?

இரவுப்பணி | வியாழன், காலை 7:15

மாட்டேன். யாரும் போட மாட்டார்கள்.

ஆனால் அதை வைத்து வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவெடுப்பேன். கசிவு என்று காட்டினால் பிபியை இறக்கிக்கொண்டே மூளை அறுவை வசதி உள்ள இடத்துக்கு. இல்லை என்றால் ஸ்கேனும் கம்பியும் இருக்கிற இடத்துக்கு, வழியில் சின்ன இடம் எதிலும் நிற்காமல். கரிசல்காட்டான் அண்ணனுக்கு அன்று வேண்டியிருந்தது அந்த ஒரு திசைதான்.

அழகுராணி | வியாழன், காலை 11:00

எக்ஸோசோம் நல்லதுதாங்க. நான் முகத்துக்குப் போட்டிருக்கேன், செம ரிசல்ட். லிங்க் கீழே

நெறியாளர் | வியாழன், காலை 11:08

மேலே இருந்த இணைப்பு நீக்கப்பட்டது. எக்ஸோசோம் சிகிச்சைப் பொருட்கள் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019இலேயே எச்சரித்திருக்கிறது. ஃபேஷியலுக்கு வேறு இழை திறந்துகொள்ளவும்.

பனையோலை | வியாழன், மதியம் 2:40

அப்ப குமிழிக்கு பாரிசவாதத்தில ஒரு வேலையும் இல்லையோ? அக்கா வேலை மாறுறதோ? 😄

நுண்குமிழி | வியாழன், இரவு 9:30

வாயைப் பார்! இருக்கிறது தம்பி. வாசலில் இல்லை, மறுநாள் வார்டில்.

அடைப்பு வந்தவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு ஏன் வந்தது என்றே தெரியாமல் வீட்டுக்கு அனுப்புகிறோம். கட்டி இதயத்திலிருந்து வந்ததா, கழுத்துக் குழாயிலிருந்து வந்ததா? மாத்திரையே மாறும். கழுத்திலிருந்து வந்ததற்கு ஆஸ்பிரின் வகை, இதயத்திலிருந்து வந்ததற்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. அங்கே தட்டணுவின் குமிழியும் ரத்தக்குழாய் உட்சுவரின் குமிழியும் குப்பை இல்லை, அவைதான் சாட்சி. இத்தனை நேரம் மூளைக் குமிழியை மறைக்கிற கூட்டம் என்று திட்டினேனே, அதே கூட்டம். தட்டணு ஏன் முழித்தது, குழாயின் சுவர் எங்கே கொதித்துக்கொண்டிருக்கிறது என்று அவற்றைக் கேட்கலாம். அவற்றின் மேல் முகவரியும் உண்டு: தட்டணுவுக்கு சிடி41, குழாய்ச் சுவருக்கு சிடி144. ஒரு நாள் காத்திருக்க அங்கே நேரமும் இருக்கிறது.

அப்புறம், பத்து நிமிடம் கை மரத்துச் சரியாகிப்போகிறதே, அந்தக் குட்டிப் பக்கவாதம். ஸ்கேனில் பல சமயம் ஒன்றும் தெரியாது. அடுத்த இரண்டு நாள்தான் ஆபத்து அதிகம். வந்தது அதுதானா, வெறும் மரப்பா என்று ஒரு டியூப் ரத்தத்திலிருந்து சொல்ல முடிந்தால் நான் லேபை மூடிவிட்டு ஊருக்கு வந்துவிடுவேன். இன்னும் முடியவில்லை.

மூளைக் குமிழியைத் தேடுவதை விடச் சொல்லவில்லை. ஆனால் நிதி கேட்கும் விண்ணப்பத்தில் எல்லாம் ‘ஆம்புலன்சில் நோயறிதல்’ என்று எழுதுகிறோம், நானும் எழுதியிருக்கிறேன், அது கொஞ்சம் உறுத்துகிறது.

இரவுப்பணி | வெள்ளி, அதிகாலை 1:15

கரிசல்காட்டான் அண்ணே, அப்பாவுக்கு அந்தப் பதினோராயிரத்தில் என்ன செய்யலாம் என்றால்: நாடி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஹோல்டர் என்று 24 மணி நேரம் மாட்டிவிடுகிற இசிஜி, எடுத்தார்களா? கழுத்துக் குழாய் டாப்ளர்? வீட்டில் பிபி கருவி இருக்கிறதா? மாத்திரையை நிறுத்தாமல் போடுகிறாரா? உங்கள் டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள். அடுத்து எப்போதாவது வாய் கோணினால் தைலம் வேண்டாம், கிளினிக் வேண்டாம், 108.

கரிசல்காட்டான் | வெள்ளி, இரவு 8:50

எல்லாருக்கும் நன்றி. ஹோல்டர் எடுக்கவில்லை. திங்கள்கிழமை கூட்டிப்போகிறேன். மாத்திரை விஷயத்தில் அப்பா கொஞ்சம் டிமிக்கிதான், அம்மா இனிமேல் கையில் கொடுத்து விழுங்குவதைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு இன்றைக்குப் போன் போட்டேன். ஊசிக்காரர் அண்ணன் சொன்ன கேள்வியையே கேட்டேன்: எந்தக் கலர் மூடி டியூபில் எடுப்பீர்கள்?

அந்தப் பெண் கொஞ்ச நேரம் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, "சார், உங்களுக்கு எந்தக் கலர் வேணுமோ அதுல அனுப்பிடலாம் சார்" என்றாள்.

ஊசிக்காரர் | வெள்ளி, இரவு 9:02

பச்சை கேட்டிருக்கணும். அதுல இருக்கிற ஹெப்பாரின் பிசிஆரையே ஓட விடாது.